கொன்சோல் கேமுக்கு வொய்ஸ் சட் கட்டுவது: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் கேம் செய்து பழகும் மாணவர்கள், புதுக்குடியிருப்பு, வவுனியாப் பக்கம் மணித்தியாலக் கணக்கில் கேம் கடை நடத்துவோர், ரொறன்ரோ மச்சானோடு ஒரே அணியில் நிற்க ஆசைப்படுவோர் என்று பலரும் கேட்டவை இவை. கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ், நின்டென்டோ சுவிட்ச், கணினி, போன் எல்லாவற்றுக்கும் பொதுவாக, கேமுக்குள்ளேயே நாங்கள் கட்டும் குரல் வழியைத்தான் இங்கே வொய்ஸ் சட் என்கிறோம்.

1. பிளேஸ்டேஷன்காரனும் எக்ஸ்பொக்ஸ்காரனும் ஒரே மெட்ச் விளையாடலாம், ஒரே பார்ட்டியில மட்டும் ஏன் கதைக்கேலாது?

பார்ட்டி என்பது கொன்சோல் கம்பனியின் சொந்த வளவு. பிளேஸ்டேஷன் பார்ட்டிக்கு சோனியின் கணக்குகளை மட்டுமே தெரியும், எக்ஸ்பொக்ஸ் பார்ட்டிக்கு மைக்ரோசொஃப்டின் கணக்குகளை மட்டுமே. மெட்ச் நடப்பதோ அந்த வளவுகளுக்கு வெளியே, கேம் கம்பனியின் சேர்வரில். 2018 செப்டெம்பரில் ஃபோர்ட்நைட்டுக்கு சோனி படலையைத் திறந்தபோது மெட்ச்கள் கலந்தன, பார்ட்டிகள் கலக்கவில்லை. எல்லாருக்கும் பொதுவான குரல் வேண்டுமென்றால் அது கேமின் சொந்தக் கணக்கோடு, கேமுக்குள்ளேயே இருக்கவேண்டும்.

2. டிஸ்கோர்ட் இருக்கேக்க நாங்கள் ஏன் தனியாக் கட்டவேணும்?

டிஸ்கோர்ட் குரல் எக்ஸ்பொக்ஸுக்கு 2022-இலும் பிளேஸ்டேஷன் 5-க்கு 2023-இலும் வந்தது. பிளேஸ்டேஷன் 4-இலும் முதலாவது சுவிட்சிலும் அது இல்லை. சுவிட்சுக்கு நின்டென்டோ 2017-இல் காட்டிய வழி போனில் ஒரு செயலி. 2025-இல் வந்த சுவிட்ச் 2-இன் கேம்சட்டில் சுவிட்ச் 2 வைத்திருப்பவர்கள் மட்டுமே கதைக்கலாம். வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய பெட்டியோடு வந்த பிளேஸ்டேஷன் 4 இருக்கும் வீட்டுக்கு இவை ஒன்றும் உதவாது.

நாலு கூட்டாளிகள் மட்டும் கதைக்கவேண்டுமென்றால் எதையும் கட்டவேண்டாம். போனில் குழு அழைப்பு எடுத்து ஒரு காதில் செருகினால் அலுவல் முடிந்தது. அணி மாறும்போது குரலும் தானாக மாறவேண்டும், முன்பின் தெரியாதவர்கள் வந்துபோவார்கள், பிள்ளைகளும் இருப்பார்கள் என்றால்தான் சொந்தமாகக் கட்டுவதில் நியாயம் இருக்கிறது.

3. எல்லாத்தையும் முதல்ல இருந்து எழுதோணுமோ?

தேவையில்லை. விவொக்ஸ் (2019 முதல் யூனிட்டியின் கையில்), எபிக் ஒன்லைன் சேர்விசஸின் குரல், மைக்ரோசொஃப்டின் பிளேஃபாப் பார்ட்டி ஆகியவை பல கொன்சோல்களுக்கும் ஆயத்தமாக இருக்கின்றன. சேர்வரைத் தன் கையில் வைத்திருக்க விரும்புவோருக்கு லைவ்கிட், மீடியாசூப், ஜானஸ் என்று திறந்த மூலத்தில் உண்டு.

கொன்சோலில் மைக்கைத் தொடும் கருவிகள் ஒப்பந்தம் போட்டவர்களுக்குத்தான் கிடைக்கும். ஆகவே மாணவர்கள் கணினியிலும் போனிலும் தொடங்குங்கள். மைக்கிலிருந்து ஒலி எடுக்கும் பகுதியையும் ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் பகுதியையும் மெல்லிய தனி அடுக்காக வைத்துவிட்டால், பிறகு கொன்சோலுக்குப் போகும்போது அந்த அடுக்கை மட்டும் மாற்றினால் போதும்.

4. எந்தக் கோடெக் போடுறது? எம்பி3 காணாதோ?

காணாது. கோடெக் என்பது குரலைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரிக்கும் முறை. எம்பி3 பாட்டுச் சேமிக்கச் செய்தது, தாமதம் அதிகம். ஓபஸ் போடுங்கள். 2012-இல் தரமாக்கப்பட்டது, உரிமக் கட்டணம் இல்லை, செக்கனுக்கு 6 கிலோபிட்டிலிருந்து 510 கிலோபிட் வரை ஓடும், ஓடிக்கொண்டிருக்கும்போதே பிட்ரேட்டை மாற்றலாம். தொடக்கத்துக்கு: ஒற்றைச் சனல், 24 கிலோபிட், 20 மில்லிசெக்கன் துண்டு, பேச்சுக்கான நிலை. பாட்டுக்கான நிலையையோ "குறைந்த தாமதம்" என்ற நிலையையோ தெரிவு செய்யாதீர்கள். ஏன் என்பது 12-இல் வருகிறது.

5. ஒரு மணித்தியாலம் கதைச்சா எவ்வளவு டேட்டா போகும்? ரீலோட் போடுறது அம்மா.

24 கிலோபிட் என்றால் ஒரு 20 மில்லிசெக்கன் துண்டில் குரல் 60 பைட். அதன் தலையில் முகவரி விவரங்கள் 40 பைட், மறையாக்க முத்திரை 10 பைட். இப்படிக் கட்டி அனுப்பும் பொதிக்குத்தான் பக்கெட் என்று பெயர். ஒரு பக்கெட் 110 பைட், செக்கனுக்கு 50 பக்கெட், ஆக 5,500 பைட், அதாவது 44 கிலோபிட். மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 20 மெகாபைட். குரலின் எடைக்குக் கிட்டத்தட்ட சமனாக உறையின் எடை இருப்பதைக் கவனியுங்கள். துண்டை 40 மில்லிசெக்கனாக்கி 16 கிலோபிட்டுக்கு இறக்கினால் அதே மணித்தியாலம் 12 மெகாபைட்டுக்குள் அடங்கும்.

நாலு பேர் அறையில் அனேகமாக ஒரு நேரத்தில் ஒருவர்தான் கதைப்பார். பேசாதவரிடமிருந்து ஒன்றும் போகாதபடி செய்துவிட்டால், அனுப்புவதும் வாங்குவதும் சேர்ந்து ஒரு ஓட்டத்தின் அளவுதான் வரும். ஒரு நாளைக்கு 2 மணித்தியாலம், 30 நாள் என்றால் 1.2 கிகாபைட். கேமின் ஒரேயொரு அப்டேட் இதை விழுங்கிவிடும், அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள்.

6. சேர்வர் இல்லாமல் ஆளுக்காள் நேராக் கதைச்சால் காசு மிச்சம்தானே?

ஆறு பேர் அறையில் நேரடியாக என்றால் ஒவ்வொருவரும் தன் குரலை ஐந்து தரம் அனுப்பவேண்டும்: 5 × 44, அதாவது 220 கிலோபிட். டவரின் ஓரத்தில் இருக்கும் 4ஜி ரவுட்டரில் ஏற்று வழிதான் முதலில் மூச்சு வாங்கும். இடையில் ஒரு சேர்வர் வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் நீங்கள் 44 மட்டும் அனுப்பினால் போதும். சேர்வர் குரலை விரித்துக் கலக்கத் தேவையில்லை, பக்கெட்டைத் தள்ளிவிட்டால் சரி. அதனால் சின்ன சேர்வரே தாங்கும்.

இன்னொன்று, நேரடி இணைப்பில் உங்கள் ஐபி முகவரி எதிராளிக்குத் தெரியவரும். தோற்ற கோபத்தில் உங்கள் வீட்டு நெட்டை வெள்ளமடித்து விழுத்த அது போதும். இந்த ஒரு காரணத்துக்காகவே நேரடி வேண்டாம் என்போம்.

7. கொன்சோல்ல நாட் டைப் 3 எண்டு காட்டுது. வொய்ஸ் வராதோ?

நாட் என்பது பல கருவிகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கும் ஏற்பாடு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், உங்கள் ரவுட்டருக்கு மேலே நெட் கம்பனியிடம் இன்னொரு நாட் இருக்கிறது. ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்குபோடுகின்றன. அங்கே நீங்கள் போர்ட் திறந்து பிரயோசனமில்லை, மேலே உள்ள கதவு உங்கள் கையில் இல்லை.

6-இல் சொன்னபடி சேர்வர் வைத்தால் இந்தத் தொல்லை அனேகமாகப் போய்விடும். வெளியிலிருந்து யாரும் உங்களைத் தேடி வரத் தேவையில்லை, நீங்கள்தான் சேர்வரைத் தேடிப் போகிறீர்கள். முதலில் யூடிபி (தொலைந்த பக்கெட்டுக்காகக் காத்து நிற்காத முறை), அது அடைபட்டிருந்தால் டிசிபி 443 என்று இரண்டு வழியும் வையுங்கள். டிசிபியில் ஒரு பக்கெட் தொலைந்தால் பின்னால் வருவதெல்லாம் அதற்காகக் காத்து நிற்கும், ஆகவே அது கடைசி வழி. வாசல் போர்ட்டைக் குறித்த எண்ணில் கட்டிவைக்கவும் வேண்டாம். ஒரே ரவுட்டரில் இரண்டு எக்ஸ்பொக்ஸ் இருந்தால் 3074 என்ற போர்ட்டுக்கு ஏற்கனவே சண்டை நடக்கிறது.

8. கொஞ்ச நேரம் கதைக்காமல் இருந்தா பிறகு என்ர குரல் ஒருத்தருக்கும் போகுதில்லை. வெளியில போய்த் திரும்பி வந்தாச் சரி.

5-இல் சொன்ன சிக்கனத்தின் பக்கவிளைவு. பேசாதபோது ஒன்றும் அனுப்பாவிட்டால், நாட் உங்கள் பாதையைப் பயனற்றது என்று மூடிவிடும். தரநூல் குறைந்தது 2 நிமிடம் வைத்திருக்கச் சொன்னாலும், 30 செக்கனில் மூடும் ரவுட்டர்களும் உண்டு. 15 செக்கனுக்கு ஒரு தரம் வெறும் பக்கெட் ஒன்றை அனுப்புங்கள். ஓபஸின் சொந்த மௌன முறையைப் பாவித்தால் அது 400 மில்லிசெக்கனுக்கு ஒரு சிறு துண்டு விடும், அதுவே போதும். பட்டனை அமத்திக் கதைக்கும் முறையில்தான் இந்தப் பிழை ஒளிந்திருக்கும்.

9. ரொறன்ரோ மச்சான் "பின்னால!" எண்டு கத்துறான், அது கேக்கிறதுக்குள்ள நான் செத்திட்டன். எங்க பிழை?

ஓரிடத்தில் இல்லை, வழி நெடுகச் சிந்துகிறது. மச்சானின் வாயிலிருந்து உங்கள் காது வரை கணக்குப் போடுவோம். வயரில்லாத கொன்ட்ரோலர் மைக்குக்கு 20 மில்லிசெக்கன் வையுங்கள். ஓபஸ் துண்டு சேர 20, அது முன்னோக்கிப் பார்க்க 6.5. உங்கள் பக்க 4ஜிக்கு 40. பக்கெட்டுகளைச் சற்றுப் பிடித்துவைத்துச் சீராக்கும் தாங்கிக்கு 60. வெளியே ஒலிக்க 30. கடலைத் தாண்டமுதலே 176 ஆகிவிட்டது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிசெக்கனுக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் ஓடும். ரொறன்ரோ ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர், ஆகவே நேர்கோட்டில் கேபிள் இழுத்தாலும் 70. கேபிள் ஒருநாளும் நேர்கோட்டில் போவதில்லை.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை ஒரு வழித் தாமதம் 150-க்குள் இருந்தால் நல்லது, 400-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. ரொறன்ரோவோடு 150 நடவாத காரியம். 300-க்குள் நிறுத்தினால் கெட்டித்தனம்.

எங்கே வெட்டலாம்? ரீவி ஸ்பீக்கரில் கேட்டால் அதன் ஒலி அலங்காரங்கள் மேலும் 50 முதல் 100 வரை சேர்க்கும், ஹெட்செட்டைக் கொன்ட்ரோலரில் செருகுவது சும்மா கிடைக்கும் லாபம். அடுத்தது சேர்வர் இருக்கும் இடம், அதற்கடுத்தது தாங்கி. துண்டை 20-இலிருந்து 10 ஆக்குவதில்தான் பலர் கை வைக்கிறார்கள். அதில் மிச்சம் 10 மில்லிசெக்கன், செலவோ உறைக்கு மட்டும் இன்னும் 20 கிலோபிட்.

10. அப்ப சேர்வரை எங்க வைக்கிறது? சிங்கப்பூர்தானே கிட்ட?

அறையில் யார் யார் என்பதைப் பொறுத்தது. கிளிநொச்சியில் இருவர், ரொறன்ரோவில் ஒருவர், லண்டனில் ஒருவர் என்று வையுங்கள். சிங்கப்பூரில் சேர்வர் என்றால் இங்கிருந்து அங்கே 2,700 கிலோமீற்றர், அங்கிருந்து ரொறன்ரோ 15,000. மொத்தம் 88 மில்லிசெக்கனுக்குக் குறையாது. லண்டனில் வைத்தால் 8,700-உம் 5,700-உம், அதாவது 72. ஆனால் அப்போது கிளிநொச்சியில் அடுத்தடுத்த ஒழுங்கையில் இருக்கும் இருவரின் குரலும் லண்டன் போய்த் திரும்பவேண்டும், 87. சிங்கப்பூரில் என்றால் அவர்களுக்கு 27 தான்.

இரண்டு சேர்வர் வைத்து ஒன்றோடொன்று இணைப்பதுதான் சரியான வழி. இங்கத்தவர்கள் சிங்கப்பூரிலோ மும்பாயிலோ ஏறுவார்கள், அங்கத்தவர்கள் லண்டனில். இடையில் ஒரு குரல் ஒரு தரம் மட்டும் போகும். அதற்கு வசதியில்லையென்றால் அறை தொடங்கும்போது ஒவ்வொருவரும் எல்லா சேர்வருக்கும் பிங் அடித்து, மிக மோசமான சோடியின் தாமதம் எங்கே குறைவோ அதைத் தெரிவு செய்யுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள். சராசரியில் கனடாக்காரர் எப்போதும் தோற்பார்.

11. இரவு எட்டு மணிக்குப் பிறகு குரல் ரோபோ மாதிரி வருது. பகல்ல நல்லா இருக்கு.

டவரில் ஆட்கள் கூடும் நேரம். பக்கெட்டுகள் தொலைவதைவிட ஒழுங்கில்லாமல் வருவதுதான் பெரிய பிரச்சினை: 20 மில்லிசெக்கனுக்கு ஒன்று வரவேண்டியவை 100 சும்மா இருந்துவிட்டு ஐந்தாகச் சேர்ந்து விழும். அதற்குத்தான் தாங்கி. 60 மில்லிசெக்கனில் தொடங்கி, 100 பக்கெட்டில் 95 நேரத்துக்குக் கிடைக்கும் அளவுக்கு அது தானாக வளரவேண்டும். கூடும்போது உடனே கூடவேண்டும், குறையும்போது மெல்லக் குறையவேண்டும், அதுவும் ஆள் மூச்சுவிடும் இடைவெளியில். பேச்சின் நடுவில் குறைத்தால் குரல் ஓடுவதுபோல் கேட்கும்.

அந்த ரோபோச் சத்தம், வராத துண்டுக்குப் பதிலாக ஓபஸ் ஊகித்து நிரப்புவது. ஒரு துண்டு என்றால் காதுக்குத் தெரியாது, தொடர்ந்து நாலைந்து என்றால் தகரத்தில் கதைப்பதுபோல் ஆகிவிடும். அதற்கு மேல் நீட்டாமல் மெல்ல மௌனமாக்குங்கள்.

12. எஃப்ஈசி போட்டும் ஒரு வித்தியாசமும் தெரியேல்லை.

ஓபஸின் எஃப்ஈசி ஒவ்வொரு பக்கெட்டிலும் முந்தியதின் சுருங்கிய நகல் ஒன்றைக் கட்டி அனுப்பும். வேலை செய்யாததற்கு நாலு காரணம் கண்டிருக்கிறோம். முதலாவது, எதிர்பார்க்கும் இழப்பு வீதத்தைச் சுழியத்தில் விட்டது. அது 10 போல ஒரு எண்ணாக இல்லாவிட்டால் நகல் எழுதப்படுவதே இல்லை. இரண்டாவது, பாட்டு நிலையையோ குறைந்த தாமத நிலையையோ போட்டது. நகல் வசதி பேச்சுக்கான இயந்திரத்தில்தான் இருக்கிறது. மூன்றாவது, பிட்ரேட்டை மிகவும் இறக்கியது. இடமில்லையென்றால் ஓபஸ் நகலைத் தானே விட்டுவிடும்.

நாலாவதுதான் அடிக்கடி நடப்பது: வாங்கும் பக்கம் அடுத்த பக்கெட் வரும்வரை காத்திராமல் உடனே ஊகித்து நிரப்பிவிடுகிறது. நகல் அடுத்த பக்கெட்டில் இருப்பதால் தாங்கியில் குறைந்தது ஒரு துண்டாவது இருப்பில் இருக்கவேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தாலும் தனித்தனியாகத் தொலைபவையே மீளும். 11-இல் சொன்ன மாதிரி ஐந்தாகத் தொலைந்தால் ஒன்றுதான் திரும்பும்.

13. தம்பி வட்ஸ்அப்பில வீடியோ அனுப்பத் தொடங்கினா என்ர குரல் ஒரு செக்கன் பிந்துது.

வீடியோ ரவுட்டரின் வரிசையை நிரப்பிவிட்டது, உங்கள் பக்கெட் வால் பக்கத்தில் நிற்கிறது. 24 கிலோபிட்டை 12 ஆக்கினால் தீராது, வரிசையை நிரப்பியது நீங்கள் அல்ல. ரவுட்டரில் வரிசை முகாமை வசதி இருந்தால் ஏற்று வேகத்தை உண்மையில் கிடைப்பதைவிடச் சற்றுக் குறைத்து அமையுங்கள். கேமின் பக்கத்தில் செய்யக்கூடியது, தாமதம் திடீரென்று ஏறியதைக் கண்டு "உங்கள் வீட்டு நெட்டில் வேறு ஏதோ ஏறுகிறது" என்று ஒரு வரி காட்டுவது. அந்த வரி தம்பியை நிறுத்தும்.

14. நான் கதைக்கிறது எனக்கே திரும்பக் கேக்குது. என்ர மைக் பழுதோ?

உங்கள் மைக்கில் பிழையில்லை. உங்கள் குரல் மறுமுனையில் இருப்பவரின் வீட்டு ரீவியில் ஒலித்து, அந்த வீட்டு மைக்குக்குள் புகுந்து திரும்புகிறது. பிளேஸ்டேஷன் 5 கொன்ட்ரோலரில் மைக் உள்ளேயே இருப்பதால், ஹெட்செட் இல்லாமல் விளையாடுகிறவர் தான் கதைக்கிறோம் என்றே அறியாமல் எதிரொலி பரப்புவார். எதிரொலி கேட்பவர் குற்றவாளி அல்ல என்பதைத் திரையிலேயே காட்டுங்கள். யாருடைய மைக்கிலிருந்து வருகிறது என்பது சேர்வருக்குத் தெரியும்.

எதிரொலி வெட்டிக்கு ஸ்பீக்கருக்குப் போன ஒலியின் நகல் வேண்டும். நகலும் மைக்கில் விழுவதும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை அது கண்டுபிடிக்கவேண்டும். 9-இல் சொன்ன ரீவித் தாமதம் அந்த விலகலை நீட்டுகிறது. சின்ன ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் விட்டால் ஒலி நசிந்து நகலோடு பொருந்தாமல் போகிறது. ஹெட்செட் இல்லையென்று தெரிந்தால், எதிராளி கதைக்கும்போது மைக்கைத் தாழ்த்திவிடுங்கள். அழகில்லாத தீர்வுதான், ஆனால் நிற்கும். கொன்சோல் தானே எதிரொலியை வெட்டித் தரும் இடத்தில் உங்களுடையதை நிறுத்திவிடுங்கள், இரண்டு தரம் வெட்டினால் குரல் அரிபடும்.

15. மழை, ஜெனரேட்டர், லான்ட்மாஸ்டர்... இதுகளை எடுக்கேலுமோ?

மின்விசிறியும் ஜெனரேட்டரும் ஒரே சீர்ச் சத்தம், 2017-இல் வந்த ஆர்என்நொய்ஸ் போன்ற இரைச்சல் நீக்கி 10 மில்லிசெக்கன் துண்டுகளாகப் பார்த்து வழித்தெடுத்துவிடும். ஒழுங்கையால் போகும் லான்ட்மாஸ்டரும் (இரு சில்லு உழவு இயந்திரம்) பரவாயில்லை. கார்த்திகை, மார்கழியில் தகரக் கூரையில் விழும் மழைதான் பேய்ச்சத்தம். அது பேச்சின் எல்லா அலைவரிசையிலும் பரவி நிற்கும், கடுமையாக வழித்தால் "ச", "த" எல்லாம் மழையோடு போய்விடும்.

மென்பொருளுக்கு முன் தூரத்தைப் பாருங்கள். வாயிலிருந்து 30 சென்ரிமீற்றரில் இருக்கும் மைக்கை 3-க்குக் கொண்டுவந்தால் குரல் 20 டெசிபெல் கூடும், மழை கூடாது. அத்துடன் "பேசுகிறாரா" என்று பார்க்கும் அளவுகோலை நிலையான எண்ணாக வைக்காமல் அறைச் சத்தத்துக்கு மேல் இவ்வளவு என்று வையுங்கள். இல்லாவிட்டால் மழை முழுக்க மைக் திறந்தபடியே கிடக்கும், 5-ஆம் கேள்வியின் கணக்கும் நனைந்துவிடும்.

16. புளூடூத் ஹெட்செட் பிளேஸ்டேஷனோட சேருதில்லை. போன் ஹெட்செட் செருகினா இரையுது.

பிளேஸ்டேஷன் 4, 5, எக்ஸ்பொக்ஸ் மூன்றும் சாதாரண புளூடூத் ஹெட்செட்டை ஏற்காது. சுவிட்ச் 2021 செப்டெம்பர் முதல் ஏற்கிறது, ஆனால் கேட்க மட்டும், மைக் ஓடாது. 3.5 மில்லிமீற்றர் வயர் செருகியே நம்பிக்கையானது. அதில் நுனி இடது, அடுத்தது வலது, மூன்றாவது நிலம், கடைசி மைக். பழைய போன் ஹெட்செட் சிலவற்றில் கடைசி இரண்டும் மாறியிருக்கும், அதுதான் இரைச்சல். மாற்றும் சிறு செருகி வாங்கலாம், அல்லது அந்த ஹெட்செட்டைப் போனுக்கே விட்டுவிடலாம்.

17. எங்கட கேம் கடையில நாலு பேர் ஒரே அறையில. வெளியில இருக்கிறவனுக்கு கிணத்துக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரிக் கேக்குதாம்.

ஒருவர் கதைக்க நாலு மைக்கும் எடுக்கின்றன, நாலும் சற்றுச் சற்று விலகிப் போய்ச் சேருகின்றன. உள்ளே இருப்பவர்களுக்கோ பக்கத்துக் கதிரைக்காரர் நேரே ஒரு தரம், ஹெட்செட்டில் பிந்தி ஒரு தரம். தீர்வு இரண்டு பகுதி. ஒரே அறை ஆட்களின் குரலை ஒருவருக்கொருவர் அனுப்பாதீர்கள். வெளியாருக்கு அந்த நேரத்தில் எந்த மைக் மிக உரப்போ அதை மட்டும் அனுப்புங்கள். தெரிவு செய்த மைக்கை 200 முதல் 300 மில்லிசெக்கன் வரை பிடித்துவைக்காவிட்டால் ஒரு சொல்லுக்குள்ளேயே மைக் மாறி மாறித் தாவும்.

ஒரே அறை என்பதை எப்படி அறிவது என்பதில்தான் பொறி இருக்கிறது. ஒரே பொது ஐபி என்றால் ஒரே அறை என்று எழுதினால், 7-இல் சொன்ன பங்குமுகவரியால் முன்பின் தெரியாத இரண்டு ஊர்க்காரர் "ஒரே அறை" ஆகி ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காமல் போகும். ஃபைபர் வீட்டில் சோதித்தால் இந்தப் பிழை வெளியில் வராது. உள்வலையில் கொன்சோல்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுப் பதில் வந்தால் மட்டும் ஒரே அறை என்று எடுங்கள், அதோடு கையால் தட்டும் பட்டன் ஒன்றும் வையுங்கள்.

18. ஒருத்தனுக்கு மூண்டு கொன்சோல்ல மூண்டு பேர். ஆர் ஆரெண்டு எப்பிடிப் பிடிக்கிறது?

கேமுக்குச் சொந்தக் கணக்கு, அதில் மற்றக் கணக்குகளைக் கட்டுவது. கொன்ட்ரோலரால் கடவுச்சொல் எழுத வைப்பது பாவம். திரையில் எட்டு எழுத்துக் குறியீடும் கியூஆரும் காட்டுங்கள், ஆள் போனில் அதைத் திறந்து ஒப்புக்கொள்ளட்டும், கொன்சோல் 5 செக்கனுக்கு ஒரு தரம் கேட்டுப் பார்க்கட்டும். குறியீடு 10 நிமிடத்தில் காலாவதியாகவேண்டும். சுழியமும் ஓவும் குழம்பும் எழுத்துகளைத் தவிருங்கள்.

குரல் அறைக்குள் விடுவது பெயரைப் பார்த்து அல்ல, கேம் சேர்வர் கையொப்பமிட்ட சீட்டைப் பார்த்து. அதில் மெட்ச், ஆள், அணி மூன்றும் இருக்கட்டும். எதிரணியின் குரலையும் அனுப்பிவிட்டுக் கொன்சோலிலோ கணினியிலோ மூடிவைப்பது பெரும் பிழை. கணினியில் விளையாடும் கள்ளன் ஒருவன் மூடியைத் திறந்து எல்லாத் திட்டத்தையும் கேட்பான்.

19. மியூட்டும் புளொக்கும் ஒண்டுதானே?

இல்லை. மியூட் கேட்பவரின் விருப்பம், அவர் பக்கம் மட்டும். புளொக் இரு பக்கமும், சேர்வரிலேயே வெட்டவேண்டும். எக்ஸ்பொக்ஸில் புளொக் செய்த பட்டியல் எக்ஸ்பொக்ஸ் கணக்குகளுக்குள் மட்டும் செல்லும், பிளேஸ்டேஷன்காரரை அடைக்க கேமின் சொந்தப் பட்டியல் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

எக்ஸ்பொக்ஸில் தன் வலைக்கு வெளியே உள்ளவர்களோடு குரலில் கதைக்கத் தனி அனுமதி இருக்கிறது. பெற்றோர் பிள்ளையின் கணக்கில் அதை மூடியிருந்தால் கதைப்பது, கேட்பது இரண்டையும் நிறுத்துங்கள். உள்நுழையும்போது ஒரு தரம் பார்த்துவிட்டு மறப்பது வழமையான தவறு: அப்பா நடு மெட்சில் மூடினால் அடுத்த சுற்றுக்கு முன் அது பிடிக்கவேண்டும். அனுமதி கேட்கும் சேவை பதில் தராவிட்டால் மூடி என்றே எடுங்கள்.

20. ஆரும் தூசணம் கதைச்சா ரெக்கோர்ட் பண்ணி வைக்கலாமோ? சேர்வர்காரன் எங்கட கதையைக் கேப்பானோ?

எல்லாவற்றையும் பதிவு செய்யாதீர்கள். குரல் தனிப்பட்ட தரவு, இலங்கையில் அதற்கு 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. முறைப்பாடு செய்பவரின் கொன்சோலிலேயே கடைசிச் சில நிமிடம் சுழன்று அழியட்டும், அவர் முறைப்பாட்டை அழுத்தினால் சிறு துண்டு மட்டும் போகட்டும். பிளேஸ்டேஷன் 5-இல் அந்தத் துண்டு அதிகபட்சம் 40 செக்கன், எக்ஸ்பொக்ஸ் 2023-இல் கொண்டுவந்தது 60. துண்டைக் கேட்பதற்குத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும். எங்கள் பேச்சுத் தமிழின் பகிடியையும் ஏச்சையும் தானியங்கி பிரித்தறியும் என்று நம்பவேண்டாம்.

வழமையான மறையாக்கம் உங்களுக்கும் சேர்வருக்கும் இடையில்தான், சேர்வர் நினைத்தால் கேட்கலாம். முனைக்கு முனை பூட்டலாம், டிஸ்கோர்ட் 2024-இல் அந்த வழிக்குப் போனது. அப்போதும் 17-இல் சொன்ன உரப்பான மைக் தெரிவு நடக்க, ஒலி அளவை மட்டும் பூட்டுக்கு வெளியே எழுதவேண்டும்.

21. கதைக்கேலாத, காது கேளாத ஆக்கள் என்ன செய்யிறது?

எழுதியதைக் குரலாக்கவும் குரலை எழுத்தாக்கவும் வழி வையுங்கள். அமெரிக்காவில் இது சட்டக் கடமை, கேம்களுக்குத் தந்திருந்த விலக்கு 2018 டிசெம்பர் 31-உடன் முடிந்தது. அதற்கு முன் இலகுவானது ஒன்று: கொன்ட்ரோலரின் ஒரு பட்டனில் "வா", "நில்", "பின்னால்" என்று ஆயத்தச் சொற்கள். மழைநாளில் மற்றவர்களும் அதைத்தான் பாவிப்பார்கள்.

22. எப்பிடிச் சோதிக்கிறது? எங்கட லாப்ல நெட் நல்லா ஓடுது.

அதுதான் ஆபத்து. லினக்ஸில் நெட்எம் என்ற கருவி வேண்டுமென்றே நெட்டைக் கெடுத்துத் தரும். மூன்று கோலம் வையுங்கள். நல்ல ஃபைபர்: 20 மில்லிசெக்கன், இழப்பில்லை. பகல் 4ஜி: 50, கூடக்குறைய 15, இழப்பு 1 வீதம். இரவு 4ஜி: 90, கூடக்குறைய 50, இழப்பு 5 வீதம், அதுவும் கொத்தாக. நாலாவதாக, கரண்டை நிற்பாட்டுங்கள். ரவுட்டர் திரும்ப எழும்பச் சில நிமிடம் எடுக்கும், வேறு முகவரியோடும் வரலாம். அதுவரை அறையில் அவருக்கு இடம் வைத்திருந்து, வந்ததும் கேட்காமலே இணைக்கவேண்டும்.

குரல் தெளிவாக விளங்குகிறதா என்று பார்க்க: ஒருவர் பத்து, பட்டு, கத்து, கட்டு, எட்டு, எட்டி போன்ற 50 சொற்களைக் கலைத்து வாசிக்க, மற்றவர் கேட்டதை எழுதட்டும். இரவுக் கோலத்தில் 45-க்குக் குறைந்தால் 11-க்கும் 12-க்கும் திரும்புங்கள்.

தாமதத்துக்கு: இரண்டு முனையையும் ஒரே அறையில் வைத்து, முதலாவதின் மைக்குக்கு முன்னால் ஒரு தரம் கைதட்டுங்கள். இரண்டாவதின் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மூன்றாவது போன் ஒன்று பதிவு செய்துகொண்டிருக்கட்டும். இரண்டாவதின் மைக் மூடியிருக்கவேண்டும், 17-இன் ஒரே அறைத் தடையையும் சோதனைக்கு நிறுத்திவிடுங்கள். பதிவை ஓடாசிட்டி என்ற ஒலித் திருத்தும் மென்பொருளில் திறந்தால் இரண்டு கூர் தெரியும், ஒன்று கை, மற்றது ஸ்பீக்கர். இடைவெளியை அளந்து 9-இன் கணக்கோடு வைத்துப் பாருங்கள். பத்துத் தரம் தட்டி, நடுவிலுள்ளதை எடுங்கள்.